கோபுரங்களும் திராட்சைக் கொடிகளும்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து தெற்கே சுமார் ஒரு மணி நேரம் காரில் போனால், குன்றின் மேல் கல் கோபுரங்கள் கூட்டமாகத் தெரியும். அதுதான் சான் ஜிமிஞானோ. கோயில் கோபுரங்கள் அல்ல. யாருடையது உயரம் என்று செல்வக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியவை. ஒரு காலத்தில் 72 இருந்தனவாம்; இன்று நிற்பவை 14. ரோமுக்கு நடந்து சென்ற யாத்ரீகர்களாலும் குங்குமப்பூ வணிகத்தாலும் செழித்த ஊர் இது. 1348-இல் கொள்ளைநோய் வந்தது, ஊர் நொடித்துப்போனது. இடித்துப் புதிதாகக் கட்ட வசதியில்லை. அந்த வறுமைதான் பழைய ஊரை நமக்காகக் காத்து வைத்திருக்கிறது.

இந்த ஊருக்குக் கிழக்கே கியான்டி மலைச்சரிவுகள். டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ 1716-இலேயே எல்லை வரையறுத்த ஒயின் பூமி.

ஒரே நாளில் இரண்டையும் பார்க்க, ஓட்டுநருடன் தனிக் கார் அமர்த்துவதே நல்லது. பழைய ஊர்களின் மதிலுக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம்பிடிக்கும். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்தும் வீடு தேடி வரும். ஒயின் சுவைப்பவர் வண்டி ஓட்டவும் கூடாதே! காலையில் முதலில் சான் ஜிமிஞானோவுக்குப் போய்விடுங்கள். நேரமானால் சுற்றுலாப் பேருந்துகள் வந்து தெரு நிறைந்துவிடும்.