மருந்துச் சீட்டு எழுதும் நர்ஸ்
அமெரிக்காவில் ஒரு மேற்படிப்பு: சேருவது எப்படி? தேறுவது எப்படி?

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் நம் ஊரில் நடப்பது என்ன? சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்காருகிறோம். நர்ஸம்மாள் வந்து உஷ்ணமானி வைத்துப் பார்க்கிறார். ரத்த அழுத்தத்தைக் குறித்துக் கொள்கிறார். "டாக்டர் வருவார், இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இன்ன வியாதி என்று தீர்மானிப்பதும், இன்ன மருந்து என்று எழுதுவதும் டாக்டரின் வேலை.

அமெரிக்காவில் ஒரு சிற்றூர் வைத்திய நிலையத்துக்குப் போகிறவர் காண்பது வேறு. அங்கே ஒரே ஒருவர் நாடி பார்க்கிறார். மார்பில் குழல் வைத்துக் கேட்கிறார். ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடுகிறார். வியாதியின் பெயரைச் சொல்லி மருந்துச் சீட்டும் எழுதிக் கொடுக்கிறார். அவர் டாக்டர் அல்ல, நர்ஸ். ஆனால் சாதாரண நர்ஸும் அல்ல. பட்ட மேற்படிப்புப் படித்து, பரீட்சை தேறி, மாநிலத்தின் லைசென்சு பெற்றவர். அவரை 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று அழைக்கிறார்கள். இன்று அந்நாட்டில் இப்படிப்பட்டவர்கள் சுமார் நாலு லட்சம் பேர் இருக்கிறார்கள்.

நம்மவர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் நர்ஸ் படிப்பு முடித்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் உத்தியோகம் பார்த்து வருகிறார்கள். "மேலே படிக்கலாமா?" என்று அவர்கள் வீட்டுக்கு எழுதிக் கேட்கும்போது, "அது என்ன படிப்பு?" என்று பெற்றோர் திகைப்பதுண்டு. அவர்களுக்காகவே இந்த விவரங்கள்.

தோன்றிய கதை

1965-ம் வருஷம். அமெரிக்கக் கிராமப் பகுதிகளில் குழந்தை வைத்தியர்கள் போதவில்லை. கொலராடோ மாநிலத்தில் பொதுச் சுகாதார நர்ஸாகக் கிராமம் கிராமமாக அலைந்து பழகியவர் லொரெட்டா போர்ட் என்ற அம்மையார். நர்ஸுக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் குழந்தைகளின் உடல்நலத்தை அவரே கவனித்துக் கொள்ளலாமே என்பது அவருடைய எண்ணம். ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் அவரும் சேர்ந்து கொலராடோ சர்வகலாசாலையில் முதல் பயிற்சியைத் துவக்கினார்கள்.

டாக்டர்களில் பலர் முகம் சுளித்தார்கள். நர்ஸுகளிலேயே சிலர், "நமக்கேன் டாக்டர் வேஷம்?" என்று கேட்டார்கள். அம்மையார் தளரவில்லை. 1972-ல் ராச்செஸ்டர் சர்வகலாசாலையின் நர்ஸ் கல்லூரிக்கு முதல் தலைவரானார். 2025 ஜனவரியில், தமது 104-வது வயதில் காலமானார். அவர் விதைத்த விதை ஆலமரமாக வளர்ந்து நிற்பதைக் கண்ணாரக் கண்டுவிட்டே போனார்.

யார் மனுச் செய்யலாம்?

முதலாவது, நர்ஸ் தொழிலில் பி.எஸ்ஸி. பட்டம் வேண்டும். இரண்டாவது, அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸாக இருக்க வேண்டும். இதற்கு 'என்கிளெக்ஸ்' என்ற பரீட்சை உண்டு. சென்னையிலிருந்தும் இதை எழுதலாம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுதும் பரீட்சை இது. நீங்கள் சொல்லும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். குறைந்தது 85, அதிகம் போனால் 150 கேள்விகள். அவகாசம் ஐந்து மணி நேரம்.

மூன்றாவது, மார்க். நான்குக்கு மூன்று என்ற சராசரியைப் பல கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. இந்தியாவில் படித்தவர்கள் தங்கள் மார்க் பட்டியலை, அதற்கென்று உள்ள ஸ்தாபனங்களிடம் கொடுத்து அமெரிக்க முறைப்படி மதிப்பிட்டு வாங்க வேண்டும். இது மாதக் கணக்கில் இழுத்துக்கொண்டு போகக்கூடிய காரியம். ஆகவே முதலில் இதைத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

நான்காவது, அநுபவம். ஒரு வருஷமாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று சில கல்லூரிகள் விதிக்கின்றன, சில விதிப்பதில்லை. விதி இல்லையே என்று அநுபவம் இல்லாமல் போய்ச் சேருவது நல்லதல்ல. ஆபத்தான நோயாளி எப்படி இருப்பார் என்பதைக் கண்ணால் கண்டவருக்கும் புஸ்தகத்தில் படித்தவருக்கும் வித்தியாசம் உண்டு.

இவை தவிர இரண்டு மூன்று சிபாரிசுக் கடிதங்கள் தேவை. பெரிய பதவியில் இருப்பவரின் கடிதத்தைவிட, உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரின் கடிதமே மேல். கடைசியாக, "நான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன்?" என்று உங்கள் கைப்பட ஒரு கட்டுரை. "சிறு வயது முதலே சேவை செய்ய ஆசை" என்று எழுதாதவர் கிடையாது. அதைப் படித்துப் படித்துத் தேர்வாளர்கள் சலித்திருப்பார்கள். எந்த நோயாளிகளுக்கு, எந்த ஊரில், என்ன குறையைப் போக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

எதைப் படிப்பது?

மனுச் செய்யும்போதே பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். குடும்ப வைத்தியம், பெரியவர்களும் முதியவர்களும், குழந்தைகள், பிறந்த சிசுக்கள், பெண்கள் ஆரோக்கியம், மனநோய் என்று பிரிவுகள் உண்டு. குழந்தைப் பிரிவில் தேறியவர் முதியவருக்கு வைத்தியம் செய்ய முடியாது. பிறகு மனம் மாறினால் மறுபடியும் படிக்க வேண்டியதுதான். பலர் குடும்பப் பிரிவை நாடுவது இதனால்தான். அதில் எல்லா வயதினரையும் பார்க்கலாம்.

மாஸ்டர்ஸ் பட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று வருஷம். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் இன்னும் நீளும். டாக்டரேட் பட்டத்துக்கு மூன்று நான்கு வருஷம். எல்லோரும் டாக்டரேட்டே பெற வேண்டும் என்று 2004-ல் கல்லூரிகளின் சங்கம் ஒரு யோசனை சொல்லி, 2015 என்று கெடுவும் வைத்தது. கெடு கடந்துவிட்டது, இன்றும் மாஸ்டர்ஸ் பட்டமே தொழிலுக்குப் போதுமானதாக இருக்கிறது.

எந்தப் பிரிவானாலும் மூன்று பாடங்கள் கட்டாயம்: நோயின் கூறுகள், மருந்தியல், உடலைப் பரிசோதிக்கும் முறை. இவற்றில்தான் மாணவர்கள் திணறுகிறார்கள். ரத்தம் உறையாதிருக்க வார்பரின் சாப்பிடும் கிழவருக்குச் சிறுநீர்த் தொற்று. கோ-டிரைமாக்ஸசோல் மாத்திரை எழுதினால் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்து ரத்தப் போக்கில் கொண்டுபோய் விடலாம். சர்க்கரை நோயாளிக்கு மெட்பார்மின் கொடுக்குமுன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாயா? இப்படிக் கேள்விமேல் கேள்வி.

"தெரிவிப்பதற்கு யாரும் இல்லை"

பாடம் படிப்பது பாதிதான். நோயாளிகளை நேரில் பார்த்துப் பழகும் நேரம் குறைந்தது 500 மணி என்று நெடுநாள் இருந்தது. 2022-ல் வெளியான தேசிய நியமம் அதை 750 மணியாக உயர்த்தியது.

இங்கேதான் பெரிய மாற்றம் நிகழ்கிறது. பத்து வருஷம் வேலை பார்த்த நர்ஸுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். நோயாளியின் நிலைமை மாறினால் கவனிப்பார், குறிப்பார், டாக்டருக்குத் தெரிவிப்பார். இனிமேல் தெரிவிப்பதற்கு யாரும் இல்லை. தீர்மானிக்க வேண்டியவர் அவரே. அறுபது வயது அம்மாள் வந்து, "இரண்டு நாளாய் அசதி, தாடை வலிக்கிறது" என்கிறார். பல்வலியா, மாரடைப்பா? பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும். வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிசகினால் ஓர் உயிர். வந்தவரையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாலோ, அந்த ஊருக்கு இவர் எதற்கு? கைதேர்ந்த நர்ஸ் என்று பெயர் வாங்கியவர் மறுபடியும் கற்றுக்குட்டியாகித் தவிக்கும் காலம் இது. இதைச் சகித்துக்கொள்ள மாட்டாதவர்களே பாதியில் மனம் சலிக்கிறார்கள்.

பயிற்சி கொடுக்க ஒரு டாக்டரோ, பழுத்த நர்ஸ் பிராக்டிஷனரோ பக்கத்தில் இருக்க வேண்டும். இவருக்குப் 'பிரிசெப்டர்' என்று பெயர். நல்ல கல்லூரிகள் தாங்களே ஆள் பார்த்து அமர்த்திக் கொடுக்கின்றன. சில கல்லூரிகளோ, "நீயே தேடிக்கொள்" என்று கையை விரித்துவிடுகின்றன. மாணவர்கள் வைத்திய நிலையம் வைத்திய நிலையமாக ஏறி இறங்குவதும், தரகர்களுக்குப் பணம் கொடுப்பதும், ஆள் கிடைக்காமல் பட்டம் தள்ளிப்போவதும் உண்டு. ஆகையால் சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதல்ல, "பிரிசெப்டரைத் தேடுவது யார்?" என்பதே.

இரண்டாவது கேள்வி: கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா? அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவரைப் பரீட்சைக்கே அனுமதிக்க மாட்டார்கள். மூன்றாவது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் மூலம் படிக்கும் வகுப்பானால், நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் அந்தக் கல்லூரிக்கு அநுமதி உண்டா? இம்மூன்றையும் விசாரியாமல் பணம் கட்டுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

பணத்துக்கு என்ன வழி?

செலவு அதிகந்தான். பல ஆஸ்பத்திரிகள் தங்கள் நர்ஸுகளுக்குப் படிப்புச் சம்பளத்தில் ஒரு பகுதி கொடுக்கின்றன. படித்தபின் இத்தனை வருஷம் இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கிக் கொள்வதும் உண்டு. கையெழுத்திடுமுன் நிபந்தனையை வரி விடாமல் படியுங்கள். 'நர்ஸ் கோர்' என்ற பெயரில் மத்திய சர்க்கார் தரும் உபகாரச் சம்பளமும் இருக்கிறது. அதைப் பெற்றவர், குறைந்தது இரண்டு வருஷம் வைத்திய வசதி குறைந்த இடத்தில் சேவை செய்ய வேண்டும். பிரஜைகளுக்கும் நிரந்தர வாசிகளுக்குமே இது கிடைக்கும்.

கடன் வாங்கிப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025-ல் இயற்றிய சட்டப்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு 'கிராட் பிளஸ்' என்ற சர்க்கார் கடன் கிடையாது. மேற்படிப்புக்கான மற்ற சர்க்கார் கடனுக்கும் வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

பட்டம் பெற்ற பின்

பட்டம் கிடைத்தால் தொழில் தொடங்கிவிடலாமா? முடியாது. முதலில் தேசிய அளவில் ஒரு பரீட்சை. குடும்பப் பிரிவுக்கு இதை நடத்தும் ஸ்தாபனங்கள் இரண்டு. எதில் தேறினாலும் செல்லும். அத்தாட்சியை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அடுத்து மாநில லைசென்சு. அபினி வகை வலி மருந்துகள் போன்றவற்றை எழுத மத்திய சர்க்காரிடம் தனிப் பதிவு எண்.

அதிகாரத்தின் எல்லையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அரிஸோனா, ஆரிகன் முதலிய பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே தொழில் நடத்தலாம். டெக்ஸஸில் ஒரு டாக்டருடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டே மருந்து எழுத வேண்டும்.

"டாக்டருக்குச் சமமாக இவர்களால் வைத்தியம் பார்க்க முடியுமா?" என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. டாக்டருக்குப் பயிற்சி வருஷங்கள் பல மடங்கு அதிகம் என்று வைத்தியர் சங்கங்கள் சொல்கின்றன, அது உண்மையே. ஆனால் 2000-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியையும் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை டாக்டர்களிடமும் சிலரை நர்ஸ் பிராக்டிஷனர்களிடமும் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பாரின் ஆரோக்கியத்திலும் வித்தியாசம் தென்படவில்லை. அன்றாட வைத்தியத்தைப் பற்றிய முடிவு இது. அபூர்வ வியாதிகளைப் பற்றியது அல்ல. எது தன்னால் ஆகும், எதை வேறொருவரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிந்திருப்பதே இத்தொழிலின் உயிர்நிலை.

நம் நாட்டில்

வேலூரில் 1909-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் நர்ஸ் பள்ளி ஆரம்பித்தார். அங்கேயே 1946-ல் பட்டப் படிப்பும் வந்தது. இப்போது இந்திய நர்ஸிங் கவுன்ஸில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்காக இரண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் மேற்படிப்பை வகுத்திருக்கிறது. பி.எஸ்ஸி. பட்டமும் ஒரு வருஷ அநுபவமும் உள்ளவர்கள் சேரலாம். பெரும்பகுதி நேரம் நோயாளியின் படுக்கை அருகிலேயே பயிற்சி. பிரசவ சேவைக்கென்று 18 மாதப் பயிற்சி ஒன்றையும் மத்திய சுகாதார இலாகா 2018-ல் அறிவித்தது. அமெரிக்காவில் போலச் சுயேச்சையாக மருந்து எழுதும் அதிகாரம் இங்கே இல்லை. ஆஸ்பத்திரி வகுத்த நெறிமுறைக்கு உட்பட்டே காரியம் நடக்கும்.

ஆகவே, மேலே படிக்கலாமா என்று உங்கள் மகள் கேட்டால் சம்பளக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். மூன்று வருஷம் தூக்கம் குறையும், கடன் ஏறும், பண்டிகை நாளிலும் புஸ்தகம் கையில் இருக்கும். குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளத் துணை வேண்டும். இவ்வளவுக்கும் வீடு தயார் என்றால், "படி, அம்மா" என்று தாராளமாகச் சொல்லுங்கள். டாக்டர் எட்டிப் பார்க்காத ஏதோ ஓர் ஊரில், வைத்திய நிலையத்தின் கதவு அடைபடாமல் இருப்பதற்கு அந்த ஒரு சொல் காரணமாக இருக்கக்கூடும்.