நாடியாகிய துணி

ரெரிலீன் சட்டை புதுமையாயிருந்த காலத்தை இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் மறந்திரார். மடிப்புக் கலையாது, துவைத்து விரித்த சிறுபொழுதில் உலர்ந்துவிடும், அதுவே அதன் பெருமை. நண்பகல் வெயிலில் உடலைப் புழுக்குவது அதன் குறை. அத்துணியை ஆக்கிய நாரே இன்று மனிதருடைய நெஞ்சகத்தும் வயிற்றகத்தும் குருதி செல்லும் வழியாய் அமைந்து உயிர் காக்கின்றது. அவ்வரலாற்றை மாணாக்கர் அறிதல் நன்றெனக் கருதி இங்கு எழுதுகின்றோம். நாம் தமிழாசிரியர், வைத்தியர் அல்லேம். ஆயினும் நூலோடும் இழையோடும் தமிழுக்குள்ள உறவு, இப்பொருளைப் பேச எமக்கும் சிறிது உரிமை தருமென நம்புகின்றோம்.

முதற்கண் நோயை அறிதல் வேண்டும். இதயத்தினின்று புறப்பட்டு நெஞ்சையும் வயிற்றையும் கடந்து இறங்கும் பெருநாடியே நாடிகளுள் மிகப் பெரியது. முதுமையினாலோ பிற காரணத்தினாலோ அதன் சுவர் ஓரிடத்தில் நலிவுறின், குருதியின் அழுத்தத்தால் அவ்விடம் சிறிது சிறிதாகப் புடைக்கும். பழைய துவிச்சக்கரவண்டியின் ரியூப்பு ஒருபக்கம் புடைத்தெழுவது போலும். புடைப்பு வெடித்ததாயிற் பெரும்பாலார் பிழைப்பதில்லை. ஐன்ஸ்ரைனுக்கு இந்நோய் இருந்தது. 1948ஆம் ஆண்டில் அவர் வயிற்றைத் திறந்த சத்திரவைத்தியர் ருடோல்ப் நிசன், புடைத்த நாடியைச் செலோபேன் தாளினாற் சுற்றினார். அத்தாள் உறுத்துதலினால் நாடியைச் சூழத் தழும்பு உண்டாகி, நலிந்த சுவருக்கு வலுவளிக்கும் என்பது எண்ணம். உலகம் போற்றிய அவ்வறிஞருக்கும் அன்றைய வைத்தியம் அளிக்கக்கூடியது அவ்வளவே. ஆறாண்டுக்கு மேல் அது தாங்கிற்று. 1955இல் புடைப்பு வெடித்தபோது மீண்டும் சத்திரசிகிச்சைக்கு அவர் இசையவில்லை. ஏப்பிரில் 18ஆம் நாள் இறந்தார்.

நலிந்த பகுதியை அறுத்தகற்றி வேறு குழாயொன்றை வைத்துத் தைத்தலே தீர்வென்பது வெளிப்படை. தைக்கும் கலை முன்னரே வளர்ந்திருந்தது. 1894இல் பிரான்சின் சனாதிபதி காணோ, லியோன் நகரிற் கத்தியாற் குத்துண்டு, அறுந்த குருதிக்கலத்தைத் தைக்க வல்லார் இன்மையால் இறந்தார். அந்நகரத்தில் வைத்தியம் பயின்ற அலெக்சிஸ் கரெல் அதனால் உந்தப்பெற்று, பூத்தையற் பெண்மணி ஒருவரிடம் நுண்ணூசி பிடிக்கக் கற்று, குருதிக்கலங்களை இணைக்கும் முறையை வகுத்தார்; 1912இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால், எதனை வைத்துத் தைப்பது? கண்ணாடியும் உலோகமும் பயன்படவில்லை; அவற்றினுள்ளே குருதி உறைந்து வழியடைத்தது. இறந்தோரின் நாடியை எடுத்து வைக்கும் முறை 1951இற் பாரிசிற் கைகூடிற்றெனினும், அது வேண்டிய வேளையிற் கிடைப்பதரிது; நாளடைவிற் சிதைவதும் உண்டு.

விடை ஓர் இழையிலிருந்து வந்தது. 1947இல் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆதர் வூர்கீஸ் என்னும் இளைஞர் நாய்களின் இதயத்திற் சத்திரசிகிச்சை செய்து ஆராய்ந்துகொண்டிருந்தார். தைத்த பட்டிழையொன்று தவறுதலாக இதயவறையின் ஊடே குறுக்காகக் கிடந்துவிட்டது. மாதங்கள் கழிந்தபின் அவ்விதயத்தை அறுத்து நோக்கியபோது, அவ்விழை முழுவதும் பளபளப்பான மென்படலம் ஒன்று மூடியிருந்தது. கண்ணுக்குப் புலனாகும் குருதிக்கட்டி எதுவும் அதன்மேல் இல்லை. கைப்பிழையின் எச்சமென்று அதனைக் குப்பையிலிட்டிருத்தலுங் கூடும். வூர்கீஸோ, ஓரிழையை உடல் இங்ஙனம் போர்த்துமாயின் இழைகளால் நெய்த துணியையும் போர்த்தாதோ என வினவினார்.

துணியென்பது துளைகளின் தொகுதி. குருதி ஒழுகிவிடாதோ என்று மாணாக்கர் கேட்பர். ஒழுகத்தான் செய்யும். ஆனால் ஒழுகும் குருதி அத்துளைகளிலேயே உறைந்து அவற்றை அடைக்கின்றது. பின்னர்ப் புறத்தேயுள்ள இழையம் அத்துளைகளினூடே வளர்ந்து துணியைத் தனதாகப் பற்றிக்கொள்கின்றது. வழுவழுத்த கண்ணாடியிற் படலம் பற்றுதற்கு இடமில்லை. துணியில் ஒவ்வொரு துளையும் ஒரு பிடி. குறையென்று தோன்றுவதே இங்குக் குணமாயிற்று.

ஈண்டு ஒரு சொல். உடலின் கலத்தொகுதியைக் குறிக்க நம் நாட்டுக் கலைச்சொல் ஆக்கியோர் 'இழையம்' என்ற சொல்லை வழங்கினர். பிரெஞ்சு மொழியில் அதனைக் குறிக்குஞ் சொல்லும் நெய்யப்பட்டது என்னும் பொருளதே. பஞ்சினின்று நூல் உண்டாதலைச் சொல்லினின்று நூல் உண்டாதற்கு ஒப்பிட்ட நன்னூலார் இதனை அறிந்திருப்பின் மகிழ்ந்திருப்பார்.

வூர்கீஸ் முதலிற் பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்து நாயில் வைத்துப் பார்த்தார். அடுத்து வின்யோன்-என் என்ற செயற்கைத் துணியைக் கையாண்டார். அது பரசூட் செய்தற்கென வந்த துணி. 1952இல் முடிவுகள் வெளியாயின. மறுவருடம் மனிதருக்கும் அத்துணிக் குழாய் வைக்கப்பட்டது.

இனி ரெரிலீனுக்கு வருவோம். 1941இல் இங்கிலாந்தின் லங்காசயர்ப் பகுதியிலே, துணிக்குப் பூவச்சிடும் நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் அந்நாரைக் கண்டனர். அமெரிக்காவில் அதன் பெயர் டேக்றோன். ஹூஸ்ரன் நகரத்துச் சத்திரவைத்தியர் மைக்கல் டிபேக்கி, செயற்கை நாடி செய்ய நைலோன் வாங்கும்பொருட்டுப் பெருங்கடையொன்றுக்குச் சென்றார். நைலோன் தீர்ந்துவிட்டது, புதிதாக வந்த டேக்றோன் உண்டு என்றனர். அதனையே வாங்கிச்சென்று, மனைவியின் தையற்பொறியிலே தாமே குழாய்களாகத் தைத்தார். தையல் அவர் இளமையில் தாயிடங் கற்ற கைத்தொழில். 1954இல் அது நோயாளியின் உடலிற் பொருத்தப்பட்டது. அன்று நைலோன் கிடைத்திருப்பின்? நைலோன் உடலினுள்ளே சில ஆண்டுகளில் வலுவிழப்பது பின்னரே தெரிந்தது. டேக்றோனோ நெடுங்காலம் நிலைத்தது.

துணிக் குழாயை வளைத்தால் நடுவில் மடிந்து வழியடையும் என்பது மற்றோர் இடர். 1955இல் எட்வேட்ஸ் என்ற வைத்தியரும் ரப் என்ற இரசாயனவியலாரும் குழாய்க்கு ஆர்மோனியத் துருத்தி போன்ற மடிப்புகளை அமைத்து அதனை நீக்கினர். பொருத்து இல்லாக் குழாய் பின்னும் பொறியைப் பிலடெல்பியாத் துணித்தொழிற் கல்லூரியைச் சார்ந்த எட்மன் டிபேக்கிக்காக ஆக்கிக்கொடுத்தார். பொருத்துமுன் நோயாளியின் குருதியிலேயே குழாயைத் தோய்த்துத் துளையடைப்பது அக்கால வழக்கம். இப்போது புரதப் பூச்சுடனேயே அது ஆலையிலிருந்து வருகின்றது.

டிபேக்கி தமது 97ஆம் வயதிற் பெருநாடி கிழியும் நோய்க்கு ஆளானார். 2006இல் அவருடைய நெஞ்சிலும் டேக்றோன் நாடி பொருத்தப்பட்டது. 2008 வரை அவர் வாழ்ந்தார்.

ஆயினும் எல்லா நாடிக்கும் துணி உதவுவதன்று. நாயின் உடல் துணி முழுவதற்கும் உள்ளுறை போர்த்துகின்றது. மனித உடலோ தைத்த விளிம்பையடுத்த சிறிதளவையே போர்த்துகின்றது. எஞ்சிய பகுதியில் உறைந்த படலமே நிற்கும். பெருநாடியிற் குருதி விரைந்தோடுதலின் அதனால் இடரில்லை. விட்டம் 6 மில்லிமீற்றருக்குக் குறைந்த நாடிகளில் அப்படலமே வழியை அடைத்துவிடும். ஆதலின், இதயத் தசைக்குக் குருதி தரும் சிறுநாடிகள் அடைபடின், நோயாளியின் காலிலிருந்து நாளத்தையோ மார்பின் உட்புறத்து நாடியையோ எடுத்தே இன்றும் வைத்தியர் மாற்றுவழி அமைக்கின்றனர். அவ்வளவு நுண்ணிய குழாயை நம்பித் தைக்கத்தக்க துணி இன்னும் நெய்யப்படவில்லை.