அடுப்பு பற்றவைத்த முதல் நாள்

கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீட்டு அடுப்பை யாரும் வந்து பொருத்தித் தந்ததில்லை. அந்த வீட்டுப் பெண்ணே களிமண் பிசைந்து, மூன்று குமிழ் வைத்து எழுப்பினாள். ஈரம் காய்ந்து முதல் தீ மூட்டும்போதே அடுப்பின் குணம் தெரிந்துவிடும். வாய் அகலமாகிவிட்டால் விறகு வீணாக எரியும். குமிழின் உயரம் போதாவிட்டால் காற்று நுழையாமல் புகையும். மறுநாள் கொஞ்சம் சுரண்டி, கொஞ்சம் பூசிச் சரிசெய்வாள். இரண்டு மூன்று உலை வைத்துப் பார்த்த பிறகுதான் அது அவள் அடுப்பாகும்.

விறகுக்குப் பஞ்சமில்லை. மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்த பழைய ரப்பர் மரங்கள் இருந்தன. ரப்பர் மரத்தில் நாற்காலியும் மேசையும் செய்து கப்பலேற்றும் தொழில் எண்பதுகளில் ஓங்கியது. அதுவரை அந்த மரத்தின் பெரும்பங்கு எரிக்கத்தான் போனது. ரப்பர் ஷீட் உலர்த்திய புகைக்கூடத்திலும் அதுதான் எரிந்தது. விறகை உள்ளே தள்ளினால் தீ ஏறும், வெளியே இழுத்தால் தணியும். உலை கொதித்ததும் கட்டையை இழுத்துவிட்டுத் தணலில் சோற்றைப் புழுங்கவிடுவார்கள். ஊதுகுழலில் எத்தனை மூச்சு, எந்தக் கோணத்தில் என்பது கைக்கும் வாய்க்கும் பழகிப்போன கணக்கு. எரிபொருள் எவ்வளவு, காற்று எவ்வளவு என்ற கேள்விக்கு நாளில் மூன்று வேளை விடை சொன்னவள் அந்தப் பெண்.

அந்தக் காலத்தைத் தூக்கிப் பிடித்துப் பாட எனக்கு மனமில்லை. சன்னல் சிறுத்த அந்தச் சமையற்கட்டில் கண் கலங்கி, நெஞ்சு நோக இருமி நின்றவளும் அவள்தான். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கேஸ் அடுப்பு வீட்டுக்குள் வந்தது நம் பெண்களுக்குக் கிடைத்த விடுதலைகளில் ஒன்று. அதில் எனக்கு ஐயமே இல்லை.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் நெருப்போடு பிறந்த ஊர். 1881-இல் தீயும் வெள்ளமும் நகரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்த பின், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்னார் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம். அதற்கான செங்கல் சூளைகள் எரிந்த இடம் இது. பின்னர் ரயில்வே குவார்ட்டர்ஸ் வந்தது. தமிழ்க் குடும்பங்கள் வந்தன. விறகும் கரியும் மண்ணெண்ணெய் அடுப்புக்கு இடம்விட்டன. பம்ப் அடுப்பு வைத்திருந்தவர்கள் ஊசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார்கள். துளை அடைத்துக்கொண்டால் தீ மஞ்சளாகத் துள்ளும், ஊசியால் குத்தினால் மறுபடி நீலமாகி இரையும். தீயின் நிறத்தைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் அதோடு கடைசி. அடுத்து வந்த கேஸ் தோம்பு அந்த வேலையைச் சமையல் செய்பவரிடமிருந்து எடுத்து, பொருத்துபவர் கையில் கொடுத்துவிட்டது.

இன்று பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்திலோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை திறந்தால், பின்கட்டில் எஃகு அடுப்பு வரிசையாக வந்து இறங்குகிறது. அதன் முதல் நாள்தான் முக்கியமான நாள். பொருத்துபவர் முதலில் தீக்குச்சியைத் தொடமாட்டார். ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். குழாயில் அடைபட்டிருக்கும் வெறுங்காற்றை வெளியேற்றுவார். அது போகாமல் பற்றவைத்தால் தீ படபடத்து அணையும். தோம்பில் வருவது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து வடிகாலில் தேங்கும். அதனால் கதவைத் திறந்துவைத்துத்தான் எதையும் தொடங்குவார்கள்.

அடுத்தது அழுத்தம். வீட்டு அடுப்புக்கு 2.8 கிலோபாஸ்கல் போதும், அதாவது கண்ணாடிக் குழாயில் தண்ணீரை 28 செண்டிமீட்டர் அளவுக்கு உயர்த்துகிற அழுத்தம். பெரிய சட்டி ஏறும் கடை அடுப்புக்கு அதிக அழுத்தத்தில் இயங்கும் வேறு ரெகுலேட்டர். ஒன்றுக்கு மற்றொன்றை மாட்டுவது ஆபத்து. அவசரத்தில் அதையும் செய்கிற கடைகள் உண்டு என்பது எனக்குக் கவலை.

கடைசியாகக் காற்று. பர்னர் கழுத்தில் ஒரு சிறு வளையம் இருக்கிறது. அதைத் திருப்பினால் காற்று நுழையும் வாய் கூடும், குறையும். ஒரு பங்கு புரோப்பேன் முழுதாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. குறைந்தால் சுடரின் நுனி மஞ்சளாகும், சட்டியின் அடி கரியாகும், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடும் எழும். கூடினால் சுடர் பர்னரை விட்டு மேலே தாவி, இரைச்சலோடு துடிக்கும். வளையத்தை இங்கொரு மயிரிழை, அங்கொரு மயிரிழை நகர்த்தி, உள்ளே கூரான நீலக் கூம்பு அசையாமல் நிற்கும்வரை பார்க்க வேண்டும். களிமண் அடுப்பின் வாயைச் சுரண்டிய அதே வேலைதான் இது.

குழாய் எரிவாயு வந்த கட்டடங்களில் இன்னொரு நுட்பமும் சேர்ந்துகொண்டது. பெட்ரோனாஸின் தீபகற்ப எரிவாயுக் குழாய்த் திட்டம் திரங்கானு கடல் எரிவாயுவை மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தது. அதை விநியோகிக்க 1992-இல் கேஸ் மலேசியா நிறுவனம் உருவானது. அந்தக் குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட இலேசானது. அதற்குப் பத்துப் பங்கு காற்று போதும். ஆனால் வெப்பம் குறைவு என்பதால் எரிவாயு பர்னருக்குள் பாயும் ஜெட்டின் துளை பெரிதாக இருக்க வேண்டும். தோம்பில் எரிந்த அடுப்பை ஜெட் மாற்றாமல் குழாயில் மாட்டினால் தீ சோம்பி எரியும். குழாய்க்கு வாங்கியதை அப்படியே தோம்பில் மாட்டினால் கரும்புகையோடு சீறும். வீடு மாறும்போது அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. புது வீட்டில் பால் காய்ச்சும் அன்று, பால் பொங்கிவிட்டது என்ற மகிழ்ச்சியில் சட்டியின் அடியைத் திருப்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

2025 ஏப்ரல் 1 அன்று புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீ வானளாவ எழுந்தது. நூறு பேருக்கு மேல் காயம்பட்டனர். அது நிலத்தடிப் பெருங்குழாய், வீட்டு அடுப்போடு அதற்கு ஒட்டில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு பலர் அடுப்பின் ரப்பர்க் குழாயைக் கையால் தடவிப் பார்த்தார்கள், அதுவரை நல்லது. அடுத்த மாதமே வேறொரு கவலை வந்தது. உதவித்தொகை பெறும் 14 கிலோ வீட்டுத் தோம்பின் விலை அப்போது 26 வெள்ளி 60 காசு; கடைகளுக்கான தோம்பு ஏறக்குறைய 70 வெள்ளி. வீட்டுத் தோம்பைக் கடையில் எரிப்பதற்கு எதிராக மே 1 முதல் ஓப்ஸ் காசாக் என்ற அமலாக்கச் சோதனை நடந்தது. சிறு வியாபாரிகளின் முறையீட்டுக்குப் பின், சிறு, குறு உணவுக் கடைகள் வீட்டுத் தோம்பைப் பயன்படுத்த இடம் தர அரசு முன்வந்தது. பெரிய கடைக்காரர்களுக்கோ ஒவ்வொரு கிலோவும் கணக்கு. மஞ்சள் நுனியோடு எரியும் ஓர் அடுப்பு, வாங்கிய எரிவாயுவில் ஒரு பகுதியைக் கரியாகச் சட்டியில் பூசிக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னால் உடனே காதில் ஏறும்.

இப்போது நடப்பது என்ன? பொருத்துபவர் வருகிறார், சரிசெய்கிறார், முதலாளி கையெழுத்துப் போடுகிறார். நாள் முழுதும் அந்தத் தீக்கு முன் நிற்கப் போகிற சமையல்காரரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். பல கடைகளில் அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். ஊரில் கல்யாணச் சமையலில் விறகுத் தீயை ஆண்டவராகவும் இருக்கலாம். தீயைப் பற்றி அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை, வளையம் எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும். அவரை அருகே அழைத்து, வேண்டுமென்றே காற்றைக் குறைத்து மஞ்சள் தீயையும், கூட்டித் தாவும் தீயையும் காட்டி, தமிழிலேயே சொல்லிவிட்டு, சரியான இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் பத்து நிமிட வேலை. எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பானும் ஜெட்டை அடைக்கும் நாள் எப்படியும் வரும். அன்று முதலில் பார்க்கப் போகிறவர் அவர்தான். வால்வை மூடிவிட்டு யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே சுவரில் எழுதியிருக்க வேண்டும்.