நீலகிரியில் அரிவாள்செல் சோகை

அரிவாள்செல் சோகை என்பது ஈமோகுளோபின் மரபணுத் திரிபால் குருதிச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் பெறும் பரம்பரை நோய் ஆகும். இந்தியாவில் இத்திரிபு பற்றிய முதல் அறிக்கைகளுள் ஒன்று, நீலகிரிப் பழங்குடியினரை ஆராய்ந்த லேமன், கட்புஷ் ஆகியோரால் 1952 இல் வெளியிடப்பட்டது. இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகின்றது.

காரணம்

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் திரிபைப் பெற்றவர் கடத்தி எனப்படுவார். கடத்திகளைக் கடும் மலேரியா எளிதில் தாக்குவதில்லை. ஆகவே மலேரியா மிகுந்த பகுதிகளில் இத்திரிபு தலைமுறைகளாக நிலைத்தது. இருவரிடமிருந்தும் பெற்றவருக்கே இச்சோகை உண்டாகும். பெற்றோர் இருவரும் கடத்திகளாயின் ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வாய்ப்பு 25% ஆகும்.

இதயப் பாதிப்பு

சோகையை ஈடுசெய்ய இதயம் மிகுதியான குருதியை இறைப்பதால் நாளடைவில் அது விரிவடையும். நுரையீரல் தமனிகளில் அழுத்தமும் உயரக்கூடும். கடத்திகள் பெரும்பாலும் நலமாகவே வாழ்வதால், குருதிச் சோதனையின்றி அவர்களை அறிய இயலாது.