ஐ.பி., என்.பி.ஏ., ரைட்-ஆஃப்: வந்த கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள்

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் மலையடிவாரத்தில் கடை போடுகிறவர்கள் தண்டலில் பணம் எடுப்பார்கள். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறிக்காரர்கள் நூலுக்குக் கடன் சொல்வார்கள். திருத்தணி வட்டாரத்தில் இதெல்லாம் காலகாலமாக நடப்பதுதான். தொழில் நொடிக்கும்போது வருகிற காகிதங்கள் மட்டும் இங்கிலீஷில் வருகின்றன. வந்த உறையைப் பிரிக்காமல் உத்தரத்தில் செருகிவைக்கும் வீடுகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். படித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் இதே கதை. எல்லாவற்றுக்கும் ‘திவால் நோட்டீஸ்’ என்று ஒரே பேர் வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் கெடு வேறு, போக வேண்டிய இடமும் வேறு. அது தெரியாமல் வீட்டை இழந்தவர்கள் உண்டு.

முதலில் ஐ.பி. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் ‘ஐ.பி. பெட்டாடு’ என்பார்கள், இந்தப் பக்கம் ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டான்’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்: இன்சால்வென்சி பெட்டிஷன், கடனைத் தீர்க்க வழியில்லை என்று நீதிமன்றத்தில் போடும் மனு. ஒரு வக்கீலைப் பார்த்து மஞ்சள் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கடன் போய்விடும் என்ற பேச்சு டீக்கடை வரை பரவியிருக்கிறது. போகாது. நோட்டீஸ் வெறும் காகிதம். மனு போட்டாலும் அன்றைக்கே வழக்குகள் நின்றுவிடாது.

பேப்பரில் அடிக்கடி அடிபடும் 2016-ஆம் ஆண்டு திவால் சட்டம் உங்களுக்கு உதவும் என்றும் நம்பாதீர்கள். அதில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. தறிக்காரருக்கும் பூக்கடைக்காரருக்கும் இன்னமும் வெள்ளைக்காரன் காலத்து 1920 மாகாண இன்சால்வென்சி சட்டம்தான். கடன் 500 ரூபாயைத் தாண்டியிருந்தால் மனு போடலாம் என்கிறது அது. நூறாண்டுத் தொகை அப்படியே கிடக்கிறது. மாற்ற வேண்டியவர்களுக்கு அவசரமில்லை.

மனுவை, நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் எல்லைக்கு உரிய சார்பு நீதிமன்றத்தில் போட வேண்டும். கடன் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை, உங்களுக்குள்ள சொத்து, வரவேண்டிய பாக்கி, இதற்கு முன் இப்படி மனு போட்டதுண்டா என்பது வரை அதில் எழுதியாக வேண்டும். கணக்குப் புத்தகம் இருந்தால் அதையும் ஒப்படைக்க வேண்டும். தெரிந்த ஒருவரை மட்டும் விட்டுவிடலாமே என்று நினைக்காதீர்கள்; சொத்தை மறைப்பதும் பொய்க் கணக்குக் காட்டுவதும் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். நீதிமன்றம் உங்களை இன்சால்வென்ட் என்று அறிவித்த பிறகுதான் பாதுகாப்பு வரும். அப்போது உங்கள் சொத்து நீதிமன்றத்தின் கைக்கோ, அது நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போகும். ஜப்தியிலிருந்து சட்டம் விலக்கிவைத்த தொழில் கருவிகள் போன்றவை மட்டும் மிஞ்சும்.

அறிவிப்போடும் முடியவில்லை. நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் டிஸ்சார்ஜ், அதாவது கடனிலிருந்து விடுவிப்பு, கேட்டு மறுபடி மனு போட வேண்டும். போடாவிட்டால் அறிவிப்பையே ரத்து செய்துவிடலாம். பலர் தவறவிடும் இடம் இதுதான். டிஸ்சார்ஜ் கிடைத்தாலும் அரசுக்குத் தரவேண்டிய பாக்கி போகாது, மோசடியால் வந்த கடன் போகாது, மனைவிக்குத் தரவேண்டிய ஜீவனாம்சம் போகாது. உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் தப்ப மாட்டார். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வாங்கிய வங்கி தன் வழியில் வந்து வீட்டை எடுக்கும். செக் பவுன்ஸ் வழக்கும் தானாக நிற்காது.

இன்னொன்று. மனு போடுமுன் வீட்டை மனைவி பேருக்கோ மச்சான் பேருக்கோ எழுதிவைத்துவிட்டு வருகிறார்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் இப்படிச் சும்மா எழுதிக்கொடுத்ததை நீதிமன்றம் ரத்து செய்யலாம். பத்திரச் செலவும் வீண், நீதிபதியின் நம்பிக்கையும் போச்சு. எழுதாதீர்கள்.

1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் திருத்தணி. இன்றைக்கும் கொடுக்கல் வாங்கல் எல்லை பார்ப்பதில்லை. ஆனால் சம்மன் வந்தால் மட்டும் ‘அது ஆந்திரா கோர்ட், இங்கே செல்லாது’ என்கிறார்கள். செல்லும். அங்கே வாங்கிய தீர்ப்பாணையை (டிக்ரி) இங்குள்ள நீதிமன்றத்துக்கு மாற்றி நிறைவேற்றலாம். நீங்கள் போகாமல் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டால், அதை நீக்கக் கேட்க 30 நாள்தான் கெடு. சம்மன் முறையாகச் சேராமல் இருந்திருந்தால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. செக் திரும்பி நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள். தபாலை வாங்க மறுத்தாலும் வாங்கியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது என்.பி.ஏ. தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் கணக்கு வாராக்கடன் பட்டியலில் ஏறும். அடமானக் கடனாக இருந்தால் ‘13(2)’ என்று போட்ட சர்ஃபேசி நோட்டீஸ் வரும்; கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்கவிடும் சட்டம் அது. அந்த எண் கண்ணில் பட்டால் அன்றைக்கே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 60 நாள் கெடு. அதற்குள் தொகையில் தப்பு, கட்டிய தவணை வரவு வைக்கவில்லை, அது விவசாய நிலம் என்பது போன்ற ஆட்சேபணைகளை எழுத்தில் கொடுங்கள். வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள். ‘வச்சிட்டுப் போங்க சார், மேனேஜர் பார்ப்பார்’ என்பார்கள். முத்திரை கேளுங்கள். தராவிட்டால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டைக் கைப்பற்றுவதாகச் சொல்லும் பொசஷன் நோட்டீஸைச் சுவரில் ஒட்டிவிட்டார்களா? இனி 45 நாள். போக வேண்டிய இடம் சென்னையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம் (டி.ஆர்.டி.). முன்சீப் கோர்ட் அல்ல, தாலுகா அலுவலகம் அல்ல, கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டமும் அல்ல. அங்கே மனுவை வாங்கி எண் போட்ட சீட்டு கொடுப்பார்கள், ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று எழுதி அதே வங்கிக்கே அனுப்புவார்கள். இது எங்கள் அதிகாரத்தில் இல்லை, டி.ஆர்.டி. போங்கள் என்று ஒரு வரி சொல்ல அந்த மேஜையில் இருப்பவருக்கு என்ன கஷ்டம்? அந்தச் சீட்டை நம்பி 45 நாளையும் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பவும் சொல்கிறேன்: தீர்ப்பாயம், 45 நாள். ஏலத்தன்று பணத்தோடு போய் நின்று வீட்டை மீட்டுவிடலாம் என்றும் இருக்காதீர்கள். ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும்.

ரைட்-ஆஃப் என்ற சொல்லைப் பார்த்துக் கட்டுவதை நிறுத்தியவர்களும் உண்டு. அது தள்ளுபடி அல்ல. வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சரிசெய்துகொள்கிறது, அவ்வளவுதான், வசூல் தொடரும். அதேபோல் செட்டில்மென்ட்டில் குறைந்த தொகை கட்டி முடித்தால் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று ஏறும், ‘க்ளோஸ்டு’ என்று ஏறாது. அடுத்த கடனுக்குப் போகும்போது அந்த வித்தியாசம் உறைக்கும். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்லும் செட்டில்மென்ட்டுக்குப் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தொகை, கெடு, ‘இதோடு பாக்கி இல்லை’ என்ற வாசகம் மூன்றும் வங்கியின் கடிதத்தாளில் வந்த பிறகு, கடன் கணக்கிலேயே கட்டுங்கள்.

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்துப் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன். உதவி எண் 14448. தண்டல், மீட்டர் வட்டிக்காரர்கள் மிரட்டினால் 2003 கந்துவட்டித் தடைச் சட்டத்தின் பேரைச் சொல்லியே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அசலையும் சட்டப்படியான வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டிப் பதிவு செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். கடனை முழுக்க அடைத்தவர்களுக்கு, அடமானப் பத்திரத்தை வங்கி 30 நாளில் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியுடையது என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு கேளுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் தீர்ந்த ரசீதையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியதா என்று பார்த்துவிடுங்கள். ஏறவில்லை என்றால் வங்கி மேலாளரையும் சார்பதிவாளரையும் விடாதீர்கள்.