பதினாறு வில்லாளர்

1948ஆம் ஆண்டு யூலை மாதம் 29ஆம் திகதி இலண்டன் மாநகரின் வெம்பிளி மைதானத்தில் ஒலிம்பிக் விழா வெகு கோலாகலமாக ஆரம்பமாயிற்று. மகாயுத்தத்தின் காரணமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நடைபெறாதிருந்த விழா அது. உலகத்தார் கண்கள் யாவும் அங்கேயே பதிந்திருந்தன. அதே தினத்தில், அங்கிருந்து ஏறக்குறைய 35 மைல் தொலைவில், ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையின் புற்றரையிலே பதினாறு பேர் வில்லேந்திப் போட்டியிட்டனர். பதினால்வர் ஆடவர், இருவர் பெண்டிர். அனைவரும் முன்னாட் படையினர். அவர்களுள் எழுந்து நிற்கக்கூடியவர் ஒருவருமில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அம்பு தொடுத்தனர்.

போரிற் காயமுற்ற வீரருக்கெனப் பல நாடுகளும் கூடி இன்று நடத்தும் விளையாட்டு விழாக்களின் மூலத்தைத் தேடிச் சென்றால் அந்தப் புற்றரையிற்றான் போய் நிற்போம். ஆயினும் அன்று நடந்ததை வெறும் விளையாட்டு என்று கொள்வோமாயின் கதையிற் பாதியைத் தவறவிட்டவராவோம்.

முள்ளந்தண்டினூடே செல்லும் முண்ணாண் அறுபட்டால், அவ்விடத்திற்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை என்பதை மாணவர் அறிவர். நோவு தெரியாமையே பெருங்கேடாக முடிகின்றது. ஒரே பக்கமாய்க் கிடக்கும் உடலிற் படுக்கைப்புண் தோன்றும். புண் எலும்புவரை ஆழ்ந்தாலும் நோயாளி அறியான். சிறுநீர்ப்பையிற் கிருமி தொற்றிச் சிறுநீரகத்தைப் பற்றும். முதலாம் மகாயுத்தத்தில் இவ்வாறு காயம்பட்டோருட் பெரும்பாலோர் நெடுநாள் உயிர்வாழவில்லை. முதுகு முறிந்தவனைப் பிழைப்பிக்க முடியாது என்பதே அக்கால வைத்தியரின் துணிபாயிருந்தது. போர் ஒருவனது முதுகை முறித்தபின் அவன் வீட்டில் நிகழ்வது இன்னதென்று நம் நாட்டு வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்துணிபை ஏற்க மறுத்தவர் டாக்டர் லூட்விக் குட்மன். 1899இல் ஜேர்மனியிற் பிறந்த யூதர். பதினெட்டு வயதில் வைத்தியசாலையொன்றிற் தொண்டராய்ப் பணிபுரிந்தபோது, திடகாத்திரமான சுரங்கத் தொழிலாளி ஒருவன் முதுகு முறிந்து கொண்டுவரப்பட்டதைக் கண்டார். இவன் சில வாரங்களில் இறந்துவிடுவான், இவனைப்பற்றி விரிவாக எழுதிவைக்க வேண்டாம் என்று அங்கிருந்த வைத்தியர் கூறினராம். அவ்வாறே ஐந்து வாரங்களில் அவன் இறந்தான். அந்த முகம் குட்மனின் மனத்தை விட்டு அகலவேயில்லை.

பின்னர் அவர் பிறெஸ்லோ நகரிற் புகழ்பெற்ற நரம்பு வைத்தியரானார். 1938 நவம்பரில் யூதர்மீது வெறியாட்டம் நிகழ்ந்த இரவில், வைத்தியசாலை வாயிலை நாடி வந்த எவரையும் திருப்பியனுப்பாது ஏற்குமாறு பணித்தார். வந்தவர் 64 பேர். மறுநாட் காலையில் அதிகாரிகள் வந்து கேட்டபோது, கட்டில் கட்டிலாய் அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயைக் கற்பித்துக் கூறினார். 60 பேர் தப்பினர். வைத்தியர் பொய்யுரைக்கலாகாது என்பார் இவ்விடத்தைச் சற்றே பொறுத்தருள்க. அடுத்த ஆண்டில் மனைவி மக்களோடு இங்கிலாந்திற் புகலடைந்தார்.

1944ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதலாந் திகதி ஸ்டோக் மாண்டவிலில் முண்ணாண் சிகிச்சை நிலையம் அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. நேசநாட்டுப் படைகள் ஐரோப்பாக் கரையில் இறங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம் அது. குட்மன் கையாண்ட முறையிற் புதுமருந்து எதுவுமில்லை. நோயாளிகளை இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை, இரவும் பகலும், புரட்டிப் படுக்கவைத்தல், அவ்வளவே. கேட்பதற்கு எளிது. செய்த தாதிமாரைக் கேட்டாலன்றோ தெரியும்! நடுநிசியில் அவரே வந்து மேற்பார்வை செய்வார். கடுமையானவர், ஆயினும் நோயாளிகள் அவரை ‘பொப்பா’ என்றே அழைத்தனர்.

உயிர் தப்பியது. தப்பிய உயிரை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வயது இளைஞன் என் செய்வான்? சுவரைப் பார்த்தபடி கிடப்பதற்கா அவனைப் பிழைப்பித்தது? அனுதாபம் அவனுக்கு வேண்டிய அளவு கிடைத்தது; வேண்டாத அளவும் கிடைத்தது. மரவேலை, கடிகாரம் திருத்துதல் முதலிய தொழில்களைக் குட்மன் கற்பித்தார். உழைத்து வரி செலுத்துவோராய் அவர்களைத் திருப்பியனுப்புவதே தமது நோக்கம் என்பார்.

ஒருநாள் முற்றத்தில் நோயாளர் சிலர் சக்கர நாற்காலியில் இருந்தவாறே கைத்தடிகளைத் தலைகீழாய்ப் பிடித்து, வட்டத்தட்டு ஒன்றை அடித்துத் துரத்துவதைக் கண்டார். தாமும் உடற்பயிற்சி ஆசிரியரும் நாற்காலிகளில் ஏறியமர்ந்து அவர்களோடு ஆடிப் பார்த்தனர். எளிதாயிருக்கவில்லை! நாற்காலிப் போலோ அங்ஙனம் பிறந்தது. முரட்டாட்டமாய்ப் போனமையாற் பின்னர் கைவிடப்பட்டுக் கூடைப்பந்து அதன் இடத்தைப் பெற்றது. வில்வித்தையை அவர் பெரிதும் விரும்பினார். நாண் இழுக்கையில் தோளும் கையும் முதுகும் வலுப்பெறும். அமர்ந்தவாறே உடலைச் சமன்செய்யும் பழக்கமும் வரும். அதனினும் மேலான காரணம் ஒன்றுண்டு. எய்தவன் நின்றானா இருந்தானா என்று இலக்கு கேட்பதில்லை. கால் வழங்காதவன், கால் உள்ளவனோடு சலுகையின்றிப் போட்டியிடக்கூடிய விளையாட்டு அது.

1948இல் எதிரணியாய் வந்தவர்கள் றிச்மண்டிலுள்ள ‘ஸ்டார் அன்ட் கார்ட்டர்’ என்னும் முன்னாட் படைவீரர் இல்லத்தவர். வெற்றியும் அவர்களுக்கே கிட்டிற்று. விருந்தளித்தவர் தோற்றனர். மறு ஆண்டு பரிசளிப்பின்போது, இவ்விளையாட்டு ஒருநாள் ஊனமுற்றோரின் ஒலிம்பிக் விழாவாகும் என்று குட்மன் கூறினார். நம்பியவர் சிலரே. 1952இல் ஒல்லாந்து நாட்டு முன்னாட் போர்வீரர் கடல் கடந்து வந்து கலந்துகொள்ள, அது சர்வதேச விழாவாயிற்று. அன்று கூடிய போட்டியாளர் 130 பேர்.

1960இல், ஒலிம்பிக் முடிந்த சில நாட்களில், உரோமாபுரியிலேயே இவ்விழா நடைபெற்றது. 23 நாடுகளிலிருந்து 400 பேர் சென்றனர். போர்வீரரல்லாத ஊனமுற்றோரும் இப்போது சேர்ந்துகொண்டனர். தங்குமிடம் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது; ஏறப் படிக்கட்டுகளே. கட்டியவர் நினைவில் சக்கர நாற்காலி இருக்கவில்லை. இத்தாலியப் படைவீரர், நாற்காலியோடு அவர்களைத் தூக்கி ஏற்றியும் இறக்கியும் உதவினர்.

பராலிம்பிக் என இன்று வழங்குவது இவ்வழி வந்த விழாவே. அது உலகினர் அனைவர்க்கும் பொதுவாய் வளர்ந்துவிட்டமையால், போரிற் காயமுற்றோர்க்கெனத் தனிவிழாவொன்று மீண்டும் தோன்றியது. பிரித்தானிய இளவரசர் ஹரியின் முயற்சியால் 2014 செப்டெம்பரில் இலண்டனில் முதன்முதல் நடந்த ‘இன்விக்டஸ்’ விழா அது. இலத்தீன் மொழியில் ‘வெல்லப்படாதவர்’ என்பது அச்சொல்லின் பொருள். கையும் காலும் இழந்தோர் மாத்திரமன்றி, வெளியே காயம் தெரியாது உள்ளம் நொறுங்கித் திரும்பியோரும் அங்கே களம் இறங்குகின்றனர். இவர்களை முற்காலத்தில் பெரும்பாலும் காயமுற்றோராய்க் கணக்கிட்டதில்லை.

குட்மன் 1980ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காலமானார். இலண்டனில் நடந்த அந்த முதல் இன்விக்டஸ் விழாவின் போட்டிகளுள் விற்போட்டியும் ஒன்றாயிருந்தது.