மைல் தெரிந்தால் நாள் தெரியுமா?

வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் வினோதமான ஒரு வரைபடம் இருக்கிறது. நீளம் ஆறே முக்கால் மீட்டர். உயரம் ஓர் அடிக்குக் கொஞ்சம்தான் கூடுதல். ரோமப் பேரரசின் பிற்காலத்தில் வரைந்த ஒன்றைப் பார்த்து, கி.பி. 1200 வாக்கில் தோலில் எடுத்த படி அது. பின்னாளில் அதை வைத்திருந்த ஜெர்மானியரின் பெயரால் பாய்ட்டிங்கர் வரைபடம் என்கிறார்கள். அதில் மத்தியதரைக் கடல் வாய்க்காலாக நசுங்கியிருக்கிறது. இத்தாலி படுத்துக் கிடக்கிறது. திசை பார்க்க அது உதவாது.

ஆனால் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் போக எத்தனை நாள் ஆனது என்று தேடுகிறவர்களுக்கு அது பொக்கிஷம். சாலைகள் சிவப்புக் கோடுகளாக ஓடுகின்றன. ஓரிடத்தில் தங்கிப் போகலாம் என்றால் கோடு அங்கே சின்னதாக ஒடிந்து திரும்பும். ஒடிவுகளுக்கு இடையில் ஊர்ப் பெயரும் ரோம எண்ணில் தூரமும். ரோம மைல் என்பது சுமார் 1.48 கி.மீ. இன்றைய பிரான்ஸ் பக்கம் போனால் மட்டும் அலகு ஒன்றரை மைலாகிவிடும். கவனிக்காமல் விட்டால் மூன்று நாள் வழி இரண்டு நாளாகச் சுருங்கிப்போகும். படியெடுத்தவர்கள் ஐந்தை இரண்டாக எழுதிவிடுவதும் நடந்ததுதான். அதனால் இன்றும் நிற்கும் மைல்கற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தே எண்களை நம்புகிறார்கள்.

தூரம் கிடைத்ததும் வேகத்தால் வகுத்துவிட்டால் போதாதா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் ஷைடலும் எலைஜா மீக்ஸும் 2012இல் வெளியிட்ட ‘ஆர்பிஸ்’ என்ற கணினி மாதிரி கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. நடந்து போனால் நாளுக்கு 30 கி.மீ., மாட்டு வண்டி 12, இடையிடையே குதிரை மாற்றி விரையும் தூதுவன் 250. கடல்வழி என்றால் மாதத்துக்கு மாதம் மாறும் காற்றையும் சேர்த்துக்கொள்கிறது. எந்த மாதம், எந்த வாகனம் என்று சொன்னால் வழியையும் நாளையும் சொல்லிவிடும்.

ஆனால் இவை சராசரி. கவிஞர் ஹொரேஸ் கி.மு. 37ஐ ஒட்டி ரோமிலிருந்து ஆப்பியன் சாலையில் புறப்பட்ட கதையைப் பாருங்கள். முதல் இரவு அரிச்சியாவில், 24 கி.மீ.தான். மறுநாள் ஃபோரம் ஆப்பி, ரோமிலிருந்து 43ஆவது மைல். சுறுசுறுப்பானவர்கள் இதை ஒரே நாளில் முடிப்பார்கள் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அங்கிருந்து சதுப்பு நிலத்தின் ஊடே, கோவேறு கழுதை இழுக்கும் படகில் ராப்பயணம். படகோட்டி கோவேறு கழுதையை மேயவிட்டுக் குறட்டைவிட்டான். பொழுது விடிந்து பார்த்தால் படகு நின்ற இடத்திலேயே நிற்கிறது! எந்த வரைபடமும் இதைச் சொல்லாது. ஆகவே, ஆய்வாளர்கள் தங்கள் கணக்கை இப்படிப்பட்ட பயணக் குறிப்புகளோடு உரசிப் பார்க்கிறார்கள். ஒரே விடை சொல்வதைவிட, விரைந்தால் இத்தனை நாள், நிதானமாகப் போனால் இத்தனை என்று இரு எல்லை சொல்வதே நேர்மை என்பேன்.

அதே வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில் நம் சேர நாட்டுத் துறைமுகமான முசிறியும் உண்டு, பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் ஒன்றோடு. அங்கே போக மைல் எண் உதவாது, கடலாயிற்றே. ரோம எழுத்தாளர் மூத்த பிளினி நாள் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறார்: அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் வழியாகக் கொப்தோஸ் 12 நாள், ஒட்டகத்தில் செங்கடல் துறையான பெரெனிகே 12 நாள், செங்கடலைத் தாண்ட சுமார் 30, பருவக்காற்றில் முசிறி 40. கூட்டினால் 94. இதை இரண்டால் பெருக்கிப் போய்வரும் நாளைச் சொன்னால் தப்பு. நடுக்கோடையில் செங்கடல் துறையை விட்ட கப்பல் செப்டம்பர் வாக்கில் முசிறி சேரும், திரும்புகாற்று டிசம்பரில்தான். அதுவரை வணிகர் மிளகு வாங்கிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டியதுதான்.